வெள்ளி அரணாக்கொடி

அம்பாசமுத்திரம்,
தை 8

அன்பு மாப்ளே,

போன்ல சொல்லியிருப்பேன்; பாதியில தொண்டை அடைச்சா, அதைச் சொல்லியே நீ பத்து வருசம் சிரிப்பே. அதான் கடிதம். இங்கன எல்லாரும் சௌக்கியம். பிசானம் கதிர் வாங்கிட்டு. வாத்தியார் மாடு இன்னும் நம்ம வயல்லதான்.

சின்னவ பாளையங்கோட்டையில உளவியல் படிக்காள்லா? வீட்டுல எத்தனாவதா பிறக்கோம்ங்கறது குணத்தை மாத்துமான்னு ஒரு புராஜெக்ட். பொங்கல் லீவுல வீட்டையே கோர்ட்டாக்கிட்டா. 'அண்ணனுக்குப் புது பைக்கு, எனக்கு அவன் ஓட்டித் தேஞ்ச சைக்கிளா?'ன்னு ஆரம்பிச்சது. மூத்தது பொறுப்பு, கடைக்குட்டி செல்லம், இது ஊரறிஞ்ச கதைலான்னேன். உன்னைத்தான் சாட்சிக்கு இழுத்தேன். நாலு அக்காமாரும் உனக்கு ஊட்டிவிட்ட கதை இப்ப அவளுக்கும் தெரியும். மன்னிச்சுக்கோ.

சிரிச்சா. நூறு வருசம் முந்தி ஆட்லர்னு ஒரு வியன்னா டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்லுதேனாம். ஆனா 2015ல ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன்ல 20,000 பேருக்கு மேல எடுத்துப் பார்த்ததுல, கலகலப்பு, பொறுப்பு, விட்டுக்கொடுக்கது எதுலயும் மூத்தது இளையதுன்னு வித்தியாசமே இல்லையாம். அறிவுச் சோதனையில மட்டும் அடுத்தடுத்த பிள்ளைக்கு ஒண்ணரை மார்க் போலக் குறையுதாம். 'அண்ணனுக்கு 24, எனக்கு 20. நாலு வருச மூப்பை நீங்க குணம்ங்கீங்க'ன்னுட்டா. அதுவும் சரிதான். இங்கன தம்ளரைக்கூடக் கழுவிக் கவுத்துத பெரியவன், சென்னை ரூம்ல தட்டுல பூசணம் பூக்க விட்டிருந்ததை நானே பார்த்தேன்.

அத்தோட விட்டிருக்கலாம். நார்வேயில ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது 18, 19 வயசுப் பயலுகளுக்குச் சோதனை உண்டாம். அதை வச்சு 2007ல ஒரு ஆராய்ச்சி. ரெண்டாவதா பிறந்தவன் மூத்தவனைவிட ரெண்டு மார்க் சொச்சம் குறைவு. ஆனா மூத்தது கைக்குழந்தையிலயே தவறிப்போய், ரெண்டாவது மூத்தவனா வளர்ந்திருந்தா, அவனும் மூத்தவங்க மார்க்கையே வாங்குதானாம்.

அம்மா பனங்கிழங்குக்கு நார் உரிச்சுக்கிட்டிருந்தா. கை நின்னுட்டு.

'உங்கப்பனும் அப்படித்தான்ட்டி'ன்னா.

உள்ள போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில சுத்துன அரணாக்கொடியைக் கொண்டுவந்தா. வெள்ளி கறுத்துக் கெடக்கு. 'இது அவனுக்குச் செஞ்சது. எட்டு மாசத்துல போய்ட்டான். பொறவு இவனுக்குக் கட்டினேன்.' அவ்வளவுதான். மறுபடி கிழங்கை எடுத்துக்கிட்டா.

மாப்ளே, எனக்கு 52 வயசு. ரேசன் கார்டுல இருந்து அப்பாவுக்குக் கொள்ளி வச்சது வரைக்கும் நான்தான் மூத்த மகன். தங்கச்சிமார் கல்யாணம், அப்பா வச்சுட்டுப் போன கடன், எல்லாம் உனக்குத் தெரியும். நீ துபாய்க்குப் போன அன்னைக்கு என் பாஸ்போர்ட்டும் ரெடி. 'மூத்தவன் போனா எப்படிலே?'ன்னு ஒத்த வார்த்தையில உக்கார வச்சாரு அப்பா. அதைச் சொல்லும்போது அவருக்கு மத்தவன் ஞாபகம் வந்திருக்குமா? ஒரு வாரமா உறக்கம் இல்ல. அவன் இருந்திருந்தா உன் பக்கத்து சீட்டுல உக்காந்திருப்பேன், பைக்கும் கேட்டிருப்பேன்.

சின்னவகிட்ட இப்ப எந்தத் தீர்ப்பும் சொல்ல வாய் வரல. சைக்கிளுக்குப் புது செயினாவது போட்டுத் தரணும்.

ஒரு காரியம். அம்மணமா ஸ்டூல்ல நிக்க என் போட்டோவைத் திருடி, காலேஜ் நோட்டீஸ் போர்டுல ஒட்டினியே. அது உங்கிட்டதான் இருக்கு, எனக்குத் தெரியும். அவனுக்குன்னு ஒரு படமும் இல்ல. கொடி தெரியுத படம் அது ஒண்ணுதான்.

பத்திரமா வச்சு அனுப்பு. அம்மா கேக்கா.

உன்
மாப்ள