தீர்ப்பு வருவதற்குள் குழந்தை வளர்ந்துவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மனு, வக்காலத்து, வக்கீல் நோட்டீஸ் எல்லாம் எங்கள் கைக்குத்தான் வரும்.

போன மாதம் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். தனியார் நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. ஃபைலில் இரண்டே தாள்கள்: பிரசவத் தேதி போட்ட ஸ்கேன் ரிப்போர்ட், அதற்குச் சில வாரம் முந்தைய தேதியோடு ‘ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது’ என்ற கடிதம். மகப்பேறு விடுப்பு என்ற பேச்சே அதில் இல்லை.

டெல்லியில் அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவருக்கும் இதுதான் நடந்தது. ஒப்பந்தம் முடிய 11 நாள்தான் இருக்கிறது, அந்த 11 நாளுக்குத்தான் விடுப்பு என்றார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் மகப்பேறு பலன் முழுவதும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது. அவர் விடுப்பு கேட்டதோ 2017இல்!

தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை கதையும் அப்படித்தான். முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தந்தையிடம் இருக்க, மறுமணத்தில் பிறந்த குழந்தையை மூன்றாவது என்று கணக்குப் போட்டு விடுப்பை மறுத்தது நம் அரசு. 2021இல் கேட்ட விடுப்பு. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தரச் சொன்னார், இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் நியாயம் வழங்கியது. நீதிமன்றங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2000ஆம் ஆண்டிலேயே சொன்னவர்கள் அவர்கள். ஆனால் பிரசவம் வாய்தா பார்த்து வராதே! ஒவ்வொரு பெண்ணும் டெல்லி வரை போய்த்தான் வாங்க வேண்டுமா?

1961ஆம் வருட மகப்பேறு பலன் சட்டத்திலேயே வேறு வழி இருந்தது. அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட ஆய்வாளரிடம் புகார் கொடுத்தால் அவரே விசாரித்துப் பணம் தர உத்தரவிடலாம். அதற்குப் பதிலாக வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த அதிகாரம் இருக்கிறது. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் சட்டச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்றும் அந்தப் பழைய சட்டம் சொன்னது. நான் போன எந்த அலுவலகச் சுவரிலும் பார்த்ததில்லை.

தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வுக்குப் போகும்போது முதலில் அந்தப் பலகை எங்கே என்று கேட்க வேண்டும். இந்தப் புகாரை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதை மாவட்டவாரியாக உங்கள் நாளிதழ் ஒருமுறை வெளியிட்டால், வெட்டி எங்கள் கடை வாசலில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி