பங்கருக்குள் விழுந்த அடியும் குசினியில் விழுகிற அடியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் புதுக்குடியிருப்பு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். சின்னப்பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டு ஆராய்ச்சி, எங்களுக்குச் சரிவராது, நாங்களும் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தானே, என்ன கெட்டுப்போனோம் என்று கேட்டிருந்தார். 'அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும்' என்ற பழமொழியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஐயாவுக்கு மீசை இருக்கிறதோ தெரியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அடித்தும் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் இறுதிப் போர் நடந்த 2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் எனக்கு 16 வயது, தம்பிக்கு 6. விசுவமட்டை விட்டு வெளிக்கிட்டு, இரணைப்பாலையில் ஒரு தென்னங்காணிக்குள் பங்கர் (பதுங்குகுழி) வெட்டி இருந்தோம். மேலே 'வண்டு' என்று நாங்கள் சொல்லும் ஆளில்லா வேவு விமானம் சுற்றுகிற சத்தம் ஓயாது. தம்பிக்கு அதைப் பார்க்க ஆசை. மண்மூட்டைக்கு மேலால் தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பான். இரண்டு தரம் சொல்லிப் பார்த்த அம்மா, மூன்றாம் தரம் காலைப் பிடித்து இழுத்துத் தொடையில் ஒன்று போட்டார். ஐந்து விரலும் பதிந்தது. அவன் அழக்கூட இல்லை, அப்படியே குந்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காணியில் செல் விழுந்து, எங்கள் பங்கர் வாசலில் தென்னை ஓலையும் மண்ணுமாகக் கொட்டியது. அந்த அடிக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். நான் முன்பள்ளி ஆசிரியை. ஒரு பயிற்சிப் பட்டறையில்தான் இந்த ஆய்வுகளைப் பற்றி முதலில் கேட்டேன். பிறகு ஆர்வத்தில் தேடியும் படித்தேன். அடி வேலை செய்யவே செய்யாது என்று ஆராய்ச்சிக்காரர் சொல்கிறார்கள் என்றுதான் ஐயா நினைத்திருக்கிறார் போலும். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் எலிசபெத் கெர்ஷோஃப் என்ற உளவியலாளர் 2002இல் 88 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார். அடி விழுந்த அந்த நேரத்தில் பிள்ளை சொல்வழி கேட்கிறது என்று அதிலேயே இருக்கிறது. வரவுப் பக்கத்தில் அது ஒன்றுதான். பங்கருக்குள் என் அம்மாவுக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு கணம்தான். நாளைக்கு அவன் எப்படி வளர்வான் என்று யோசிக்கிற இடமா அது?

டயானா போம்ரின்ட் போன்ற சிலர் அந்தக் கணக்கில் பிழை பிடித்தார்கள். பெல்ட்டால் விளாசுவதையும் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டுவதையும் ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டீர்களே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2016இல் கெர்ஷோஃபும் அன்ட்ரூ குரோகன் கேய்லரும் சாக்கை அவிழ்த்து, திறந்த கையால் பின்புறத்திலோ கை காலிலோ போடும் அடியை மட்டும் பிரித்தெடுத்துத் திரும்பவும் பார்த்தார்கள். 75 ஆய்வுகள், 1,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். மூர்க்கம், மனநலம், பெற்றோருடனான உறவு என்று 17 விடயங்களைப் பார்த்ததில் 13இல் அடி கெடுதியோடு சேர்ந்தே வந்தது. நன்மையோடு ஒன்றில்கூடச் சேரவில்லை. ஒவ்வொரு தொடர்பும் சின்னதுதான், பெரிதுபடுத்தக் கூடாது. ஒரு தட்டில் பிள்ளை நாசமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நானும் நம்ப மாட்டேன்.

குழப்படிக்காரப் பிள்ளைக்குத்தானே கூட அடி விழும், அப்படியென்றால் அடியால் குழப்படியா, குழப்படியால் அடியா? பட்டறையில் நான் எழும்பிக் கேட்ட கேள்வி இதுதான். அதைப் பிரித்தறிய, அதே பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்க்கிறார்கள். அப்படியான 69 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த கட்டுரை 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அடியால் காலப்போக்கில் குழப்படி குறைந்ததாக அதில் இல்லை, கூடியதாகத்தான் இருக்கிறது.

'எங்கள் ஊர் வேறு' என்பதற்கும் ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஜெனிபர் லான்ஸ்ஃபோர்டும் அவரோடு சேர்ந்தவர்களும் சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய 6 நாடுகளில் தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் கேட்டு 2005இல் எழுதினார்கள். அடிப்பது வழமையாக உள்ள இடத்தில் பாதிப்புக் கொஞ்சம் குறைவு. ஐயாவின் பேச்சில் அவ்வளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் இல்லாமல் போகவில்லை. ஆறு நாடும் எதற்கு? எங்கள் வடக்கு கிழக்கிலேயே, போரையும் சுனாமியையும் கண்ட 296 தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்ட ஆய்வு 2008இல் வெளிவந்தது. போர்ச் சம்பவம் ஒன்றையாவது அனுபவித்த பிள்ளைகள் 82.4 வீதம். வீட்டுக்குள் வன்முறை ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 95.6 வீதம். செல்லை விட வீடு முந்திவிட்டது. தகப்பன் குடிப்பதும் முன்பு போரில் பட்டதும் பிள்ளைக்கு வீட்டில் நடக்கிற கொடுமையோடு சேர்ந்தே வந்தன என்றும் எழுதியிருக்கிறார்கள். பங்கரை மூடிய பிறகும் கை மட்டும் பங்கருக்குள்ளேயே நின்றுவிட்டது போல.

இப்போது என் வீட்டுக் கதை. பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. முன்பள்ளியில் நான் 23 பிள்ளைகளை ஒரு தட்டும் தட்டாமல் மத்தியானம் வரைக்கும் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரை வைத்திருக்க முடியவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை.

அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹோல்டன் என்பவர் 33 தாய்மாரின் கையில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டி, பின்னேரங்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறார். 2014இல் வந்த ஆய்வு. சராசரியாக 30 விநாடிச் சண்டையிலேயே அடி விழுந்துவிடுகிறது. அடி விழுந்த 41 தடவைகளில் 30இல், 10 நிமிடத்துக்குள் பிள்ளை திரும்பவும் குழப்படி. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

நானும் ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். குசினிச் சுவரில் பலசரக்குக் கடைக்காரர் தந்த கலண்டர் தொங்குகிறது. அடித்தால் அந்தத் திகதிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு, நேரம், காரணம். அகப்பைக் காம்பாக இருந்தால் கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு. மாதம் முடிய 26 கோடுகள். அதில் 17 செவ்வாய்க்கிழமைக்குக் கீழே, அதுவும் பின்னேரம் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில். செவ்வாய் எங்கள் மகளிர் குழுவின் கடன் கட்டுகிற நாள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துப் போட வேண்டும். போட்டு முடியும் வரைக்கும் ஒருத்தரும் பாயை விட்டு எழும்ப முடியாது. கடன் தந்த கொம்பனிப் பெடியன் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்தபடி இருப்பான். அங்கே வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வந்து வீட்டில் கையை நீட்டியிருக்கிறேன்.

காரணங்களை வாசித்தால் இன்னும் மோசம். ஒரு செவ்வாயில் 'சோறு சிந்தினான்' என்று இருக்கிறது, குறுக்குக் கோடும் இருக்கிறது. அந்த வாரம் சனிக்கிழமையும் மகன் சோறு சிந்தினான். அன்றைக்கு நான் சொன்னது நல்ல ஞாபகம்: "சரி, அள்ளிக் கோழிக்குப் போடு." அதே பிள்ளை, அதே கோப்பை, அதே சோறு. எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று அந்த ஐந்து வயதுக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஆனால் அவன் ஒன்றைக் கண்டுபிடித்துத்தான் இருந்தான். ஒரு நாள் காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே கேட்டான்: "அம்மா, இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையோ?" ஏனப்பு என்று கேட்டேன். "சும்மா," என்றான். பின்னேரம் நான் கூட்டத்தால் வந்தபோது அவனைக் காணவில்லை. அக்காவையும் கூட்டிக்கொண்டு அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில் போய் இருந்தான்.

கலண்டரைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் உங்களை அடிச்சு வளர்த்தது பிழையெண்டு சொல்லுறியோ?" என்று கேட்டார். "பங்கருக்குள்ள தம்பிக்கு அடிச்சது பிழையில்லை அம்மா. மனிக் பாம் அகதி முகாமில தண்ணி வரிசையில நிண்டு களைச்சு வந்து எனக்கு அடிச்சீங்களே, அதைத்தான் சொல்லுறன்," என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினார். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் மூன்று மணிக்கே வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புதுக்குடியிருப்பு ஐயா ஒரு மாதத்துக்கு வீட்டுக் கலண்டரில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு மறுகடிதம் எழுதட்டும், வாசிக்க ஆவலாக இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் என்றாலும் கணக்குக் கணக்குத்தான். என்னுடைய கலண்டரில் இந்த மாதம் இதுவரைக்கும் 5 கோடுகள். குறுக்குக் கோடு ஒன்று, போன வெள்ளிக்கிழமை. அகப்பையை இப்போது பரணில் போட்டிருக்கிறேன்; சொதி துழாவக் கரண்டிதான்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
விசுவமடு.