பாசிக்குக் காரணம் பாஸ்பரஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏரிகள் பச்சையாவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், கனடிய அறிவியலாளர் டேவிட் ஷிண்ட்லரின் ஆய்வு இடம்பெறாதது பெருங்குறையே. பாசிப் பெருக்கத்துக்குக் கார்பன்தான் காரணம் என்று, பாஸ்பரஸ் கலந்த சலவைத்தூளைத் தயாரித்தவர்கள் வாதிட்டுவந்த காலத்தில், அவர் 1973ஆம் ஆண்டு கனடாவின் வடமேற்கு ஒன்டாரியோவில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் ஒன்றான 226ஆம் எண் ஏரியின் குறுகிய நடுப்பகுதியில் வினைல் திரையைக் கட்டி, ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும், மறுபாதியில் அவற்றுடன் பாஸ்பரஸையும் கலக்கச் செய்தார். கோடை முடிவதற்குள் பாஸ்பரஸ் கலந்த பாதி மட்டும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் படர்ந்து பச்சையாக மாறியது. திரைக்கு மறுபுறம் நீர் கருநீலமாகவே இருந்ததை வானிலிருந்து எடுத்த படம் காட்டுகிறது. கொள்கை வகுப்போரை எந்த அட்டவணையையும்விட அதிகம் அசைத்தது அந்தப் படம்தான் என்பது என் கருத்து.

அருகிலுள்ள 227ஆம் எண் ஏரியில் 1990இல் நைட்ரஜன் இடுவதை அறவே நிறுத்தி, பாஸ்பரஸை மட்டும் இட்டுவந்த பின்னரும் பாசி அடங்கவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்து நிலைப்படுத்தும் நுண்ணுயிர்கள் அக்குறையை ஈடுசெய்தன. ஆய்வுக்கூடக் குடுவையில் சில நாட்கள் பார்த்து அறியக்கூடிய உண்மையல்ல இது. இந்த ஏரிகள் அடங்கிய ஆய்வுக்களத்துக்கான நிதியை நிறுத்துவதாக 2012இல் கனடிய அரசு அறிவித்தது மிகுந்த வேதனைக்குரியது. 2014இல் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்றதால் பணி தொடர்கிறது.

இந்த ஆய்வைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்