நெற்களத்தில் ஆறு சனிக்கிழமைகள்: கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கடைசிக் கூட்டம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மறுநாளே எழுத நினைத்த மடல் இது. எழுத உட்கார்ந்தால் ஒரு முகம் நினைவுக்கு வரும், அவரைப் பற்றி எழுதி முடிப்பதற்குள் இன்னும் நான்கு பேர் வந்து நிற்பார்கள், யாரையாவது விட்டுவிடுவோமோ என்ற பயத்திலேயே தள்ளிப்போனது. இனியும் தள்ளினால் தப்பு. யாரையாவது விட்டிருந்தால் நேரில் பார்க்கும்போது உரிமையோடு கேளுங்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செய்யாறு பக்கத்தில் சின்னதாக ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறோம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள், சிப்காட்டில் ஷூ தைக்கும் பெண்கள், சில கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு கூத்துக் கலைஞர்கள். ஆவணியில் தொடங்கி ஆறு சனிக்கிழமை மாலைகளில் படைப்பையும் மனநலத்தையும் பற்றிக் கூட்டம் நடத்தினோம். முதலில் ஒருவர் பேசுவார், அப்புறம் பத்து நிமிட நாடகம், அப்புறம் வந்தவர்கள் பேசுவார்கள். பாரதக் கூத்து நடக்கிற மாதங்கள் கழிந்து கலைஞர்கள் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் நேரம் என்பதால்தான் ஆவணி.

முதலில் ஒத்துக்கொண்ட மண்டபத்தார், கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கையை விரித்துவிட்டார்கள். "மெண்டல் கூட்டம்லாம் இங்க வேணாம்மா, அப்புறம் கல்யாணத்துக்கு எவன் வருவான்" என்று சொன்னார்கள். அன்று இரவு நான் அழுதேன். தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் ஆடிய புரிசை கிராமம் இங்கிருந்து கூப்பிடு தூரம். கூத்துக்காக விடிய விடியக் கண் விழிக்கிற ஊர்கள் சுற்றிலும் இருக்கும்போது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச ஓர் இடம் இல்லையா என்று இருந்தது.

மறுநாள் காலையில் அரிசி ஆலை அய்யாவிடம் போனேன். அஞ்சு மணிக்கு மேல் களம் சும்மாதானே கிடக்கிறது என்றார். எதற்கென்று மறைத்துவிட்டு இடம் வாங்கியதாக ஆகிவிடக் கூடாது என்று, "அய்யா, இது மனநலக் கூட்டம்" என்று இன்னொரு தரம் அழுத்திச் சொன்னேன். "தெரியும்மா. நடத்துங்க" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு வாரமும் ஒரு ரூபாய் வாடகை கிடையாது, கரண்டுக்கும் வாங்கவில்லை. அய்யா, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது.

களத்தில் நெல் துழாவும் அக்காக்களுக்குத்தான் அடுத்த நன்றி. சொர்ணவாரிப் பருவத்து நெல் காய்கிற நேரம் அது. வெயிலில் பகல் முழுக்க அதிலேயே நடந்துவிட்டு, எங்களுக்காக அஞ்சு மணிக்குள் நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, களத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்கள். முதல் வாரம் வேலை முடிந்ததும் கிளம்பிப் போனார்கள். இரண்டாவது வாரம் குவியல் ஓரமாக நின்று பார்த்தார்கள். மூன்றாவது வாரம் முன்வரிசைப் பாயில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் செய்ததைக் கீழே சொல்கிறேன்.

இப்போது நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடலிலேயே பெரிய நன்றி அதைத் திருத்தியவருக்குத்தான். முதலில் அடித்த நோட்டீஸில் 'கலை மனநோயைக் குணமாக்கும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். உண்மையாகவே அப்படி நம்பினோம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கலையும் உடல்நலமும் பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டதே, அது எங்கள் கையில் இருந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் நோட்டீஸைப் பார்த்தார். பேச ஒத்துக்கொண்டவர், அதைப் படித்ததும் "இதோட நான் வர முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாட்டும் நாடகமும் மனசுக்குத் துணை நிற்கும், அதை அந்த அறிக்கையும் சொல்கிறது, ஆனால் மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பையனின் அம்மா இந்த வரியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

500 நோட்டீஸையும் திரும்ப வாங்கினோம். ஒட்டியதைக் கிழித்தோம். அச்சகத்து அண்ணன் மறுபடியும் அடித்துக் கொடுத்துவிட்டு காகிதத்துக்கு மட்டும் காசு வாங்கினார். பிளக்ஸ் கடைத் தம்பி ஒரு படி மேலே போய், எங்கள் கூட்டத்தின் பெயரைச் சின்னதாக்கி, 14416 என்ற எண்ணை ஆள் உயரத்துக்குப் போட்டுக் கொண்டுவந்தார். 'டெலி மானஸ்' உதவி எண் அது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கினார்கள், ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. "உங்க கூட்டம் ஆறு நாள்தான்க்கா, இந்த நம்பர் நின்னுட்டுப் போகட்டும்" என்றார். ஆலை வாசலில் இன்னும் நிற்கிறது.

டாக்டர் ஆறில் நான்கு வாரம் வந்தார். மேடையில் பேசியது ஒரு நாள்தான். மற்ற நாட்களில் அவரும் உளவியலாளர் அம்மாவும் வேப்பமரத்தடியில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், சமூகப் பணியாளர் தம்பி ஒரு நோட்டில் ஓ.பி. தேதி எழுதிக் கொடுப்பார். அந்த மரத்தடியை விளக்கு வெளிச்சம் படாத பக்கமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது டாக்டர்தான். பெங்களூரில் இருக்கும் மனநல நிறுவனமான நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்று உளவியலாளர் அம்மா ஒரு நாள் சொன்னார். அந்த எண்ணைக் கேட்டபோது தலைக்கு மேலே போய்விட்டது. கூட்டம் கலைந்த பிறகு, செருப்பைத் தேடுகிற மாதிரி அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டு மெதுவாக மரத்தடிக்குப் போனவர்களைப் பார்த்தபோதுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

கூத்து வாத்தியாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர் மைக்கில் சொன்னதைத்தான் எழுதுகிறேன், எழுதலாமா என்று கேட்டும் விட்டேன். மனைவி இறந்த பிறகு எட்டு மாதம் அவர் வேஷம் கட்டவில்லை. சாமி குத்தம் என்றார்கள், குடி என்றார்கள். கடைசியில் மகள் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அவர் சொன்னது: "கஷ்டப்பட்டவன்தான் நல்லா ஆடுவான்னு படிச்சவங்க சொல்றீங்க. அந்த எட்டு மாசம் எனக்கு ஒரு அடவு வரலை. தாளம் காதுல விழுது, கால் எழும்பலை. மனசு தேறினப்புறம்தான் கர்ணன் வேஷம் கட்டினேன்."

கலைஞனென்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தான் செய்யும், அந்த வலியிலிருந்துதான் கலை பிறக்கும் என்ற பேச்சை நானே பல மேடையில் பேசியிருக்கிறேன். இனி பேச மாட்டேன். அந்தப் பேச்சு எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

திரை யோசனையும் வாத்தியாருடையதே. கூத்தில் வேஷக்காரர் நேராகச் சபைக்கு வர மாட்டார். இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் முகம் காட்டுவார். முகம் காட்டப் பிடிக்காதவர்கள் திரைக்குப் பின்னால் நின்றே பேசிவிட்டுப் போகட்டும் என்றார். மூன்றாவது வாரம் அப்படிச் செய்தோம். யாரையும் கூப்பிடக் கூடாது, கை தட்டக் கூடாது, பாதியில் நிறுத்தினால் ஏன் என்று கேட்கக் கூடாது என்று டாக்டர் மூன்று நிபந்தனை போட்டார். கூத்தில் கதையை நடத்திச் சிரிக்க வைக்கிற கட்டியங்காரன் வேஷத்தில் இருந்த அண்ணன் அதைச் சபைக்குப் பாட்டாகவே சொல்லிவிட்டார். திரை பிடித்த கல்லூரித் தம்பிகள் இருவருக்கும் பேசுகிறவர் முகம் தெரியும், அதனால் நாற்பது நிமிடமும் தரையைப் பார்த்தபடியே நின்றார்கள். கை கடுத்துப்போய் மறுநாள் வண்டி ஓட்ட முடியவில்லை என்று பிறகு அவர்கள் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். மைக் செட் அண்ணன் யாரும் சொல்லாமலே ஏணி போட்டு ஏறி, தெருப் பக்கம் பார்த்திருந்த கூம்பு ஸ்பீக்கர்களின் ஒயரைக் கழற்றினார். களத்துக்குள் மட்டும் கேட்டது.

திரைக்குப் பின்னால் பேசப்பட்டது எதையும் இங்கே எழுத மாட்டேன். அது அன்று கொடுத்த வாக்கு. பேசிய ஒன்பது பேருக்கும் நன்றி. அடுத்த வாரம் திரையில்லாமல் மற்றவர்களோடு வந்து உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கும்.

நாடகம் பற்றி. பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் 1970-களில் உருவாக்கிய ஒரு முறையை எடுத்துக்கொண்டோம். வீட்டில் நடக்கிற ஒரு சிக்கலை நடித்துக் காட்டுவது, பிறகு அதையே திரும்ப நடிப்பது. இந்த முறை பார்க்கிறவர் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு மேடையேறி ஒரு பாத்திரத்தை வாங்கி மாற்றி நடிக்கலாம். எங்கள் காட்சியில் ஒரு பையன் பல நாளாக அறைக்கதவைத் திறக்கவில்லை, அப்பா கத்துகிறார், அம்மா கெஞ்சுகிறார். ஒரு வாத்தியார் ஏறிப் புத்திமதி சொன்னார், ஒரு பையன் நண்பனாக வந்து சினிமாவுக்குக் கூப்பிட்டான், கதவு திறக்கவில்லை. அப்போது நெல் துழாவும் அக்கா ஒருவர் எழுந்து அம்மா பாத்திரத்தை வாங்கினார். கதவருகில் ஒரு தட்டுச் சோறு வைத்தார். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். மடியில் முறம் இருப்பது போல வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நிமிடம் இருக்கும். கதவுக்குப் பின்னால் இருந்த எங்கள் நடிகர், திறக்கலாம் என்று தனக்கு அப்போதுதான் தோன்றியது என்று பிறகு சொன்னார். நாங்கள் ஒன்றரை மாதம் ஒத்திகை பார்த்த நாடகத்தில் அப்படி ஒரு கணம் இல்லை. அக்கா, நீங்கள் எங்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

அஞ்சாவது வாரம் பேசிய ஓய்வுபெற்ற செவிலியர் அம்மாவுக்கும் நன்றி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததைப் பற்றி, குரலை உயர்த்தாமல் அவர் சொன்னார். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டு, "கட்டினவங்களையும் திட்டாதீங்க. வேற வழி சொல்லித்தர ஆள் இல்லாமப் போச்சு" என்றார். அன்று எனக்கு உட்கார முடியவில்லை. என் தம்பியை நாங்களும் ஒரு மண்டலம் ஒரு கோயிலில் தங்க வைத்தோம், கட்டவில்லை, ஆனால் டாக்டரிடம் போக அதற்கப்புறமும் நான்கு வருஷம் எடுத்துக்கொண்டோம். இந்தக் கூட்டங்களை நடத்த வேண்டும் என்று எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். இந்தப் பத்தியைத் தம்பி படித்துப் பார்த்து, சரி போடு என்ற பிறகே சேர்த்திருக்கிறேன். ஆறு வாரமும் பாய் விரித்ததும் சுருட்டியதும் அவன்தான்.

டீக்கடை மாமா, சுண்டல் செய்த மகளிர் குழு, பாய் கொடுத்த வந்தவாசி நண்பர், ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வந்து ஒத்திகை பார்த்த எங்கள் தங்கைகள், கடைசி பஸ் போன பிறகு தூரத்து ஊர்ப் பெண்களை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்ட ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர், உங்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும். ஆண்கள் குறைவாகத்தான் வந்தார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. வந்தவர்களும் பெரும்பாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் கேட் ஓரமாக நின்றார்கள். அடுத்த தடவை கேட் பக்கம் ஒரு பெஞ்ச் போடப் போகிறோம்.

கணக்கு: உண்டியலில் விழுந்தது 11,340 ரூபாய். மைக் செட், கலைஞர்களுக்குப் போக்குவரத்து, டீ, சுண்டல், காகிதம் எல்லாம் சேர்த்துச் செலவு 10,780. மீதி 560 ரூபாயில் வாத்தியாரின் திரையை வெளுத்து, கிழிந்த ஓரத்தைத் தைத்துக் கொடுத்துவிட்டோம், ரசீது என்னிடம் இருக்கிறது. கேள்விப் பெட்டியில் படிக்காமல் தங்கிப்போன பதினான்கு சீட்டுகளை உளவியலாளர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். பதில்களைப் பெயரில்லாமல் எழுதி ஆலை வாசலில் பிளக்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறோம், போகிற வழியில் நின்று படித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம் மழையில் யாரோ விட்டுப்போன பச்சைக் குடையும் ஒரு சின்னப் பிள்ளைச் செருப்பும் ஆலை ஆபீஸில் இருக்கின்றன. ஞாயிறு தவிர எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
நாடகக் குழுவுக்காக உங்கள் அக்கா