விடுபட்டுப் போன ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, தலைவர்களையும் மேடைப் பேச்சுகளையும் விரிவாக எடுத்துரைத்துவிட்டு, அந்த இயக்கத்துக்காகத் தம் எழுத்துப் பிழைப்பையே பணயம் வைத்த லிடியா மரியா சைல்டை மறந்துவிட்டது. 1829-இல் வெளியாகிப் பல பதிப்புகள் கண்ட அவருடைய இல்லறச் சிக்கன நூல், பழைய கடிதங்களின் வெற்றுப் பின்பக்கத்தைக்கூட எழுதுவதற்கு எடுத்துவைக்கச் சொல்லும். (நம் வீட்டுப் பாட்டிகள் மெச்சியிருப்பார்கள்.)

அதே கை 1833-இல், அடிமைகளுக்கு உடனடி விடுதலை கோரியும், வெள்ளையர், கறுப்பர் கலப்புமணத்தைத் தடைசெய்த மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டத்தைக் கண்டித்தும் ஒரு நூல் எழுதியபோது, வாங்கிப் படித்த குடும்பங்களே முகம் திருப்பிக்கொண்டன. 1826 முதல் அவர் நடத்திவந்த சிறுவர் இதழுக்குப் பெற்றோர்கள் சந்தாவை நிறுத்தினர். 1834-இல் அவர் ஆசிரியர் பொறுப்பைத் துறக்க நேர்ந்தது.

அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஹாரியட் ஜேக்கப்ஸின் தன்வரலாறு 1861-இல் வெளிவந்தபோது அதைச் செப்பனிட்டுக் கொடுத்தவரும் இவரே. அந்தத் திருமணத் தடைச் சட்டம் 1843-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால், இன்று அமெரிக்கர் பலருக்குத் தெரிந்த அவருடைய எழுத்து, நன்றி நவிலல் நாளுக்கென அவர் 1844-இல் வெளியிட்ட சிறுவர் பாடல் மட்டுமே.

– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி