கயிற்றைக் கையில் சுற்றாதே, கண்ணு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், மாடி ஏறுவதை மட்டும் விட்டுவிட்டாள். போனில் எஞ்சின் பேச்சை எடுத்தாலே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காப்பிப் பழம் எடுப்பு நேரம், உனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். இருந்தாலும் ராத்திரி சாப்பிட்ட பிறகு இதை முழுசாகப் படித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா பையன் மலைமேலே உன்னிடம் வந்து போனான் இல்லையா, அவன் எடுத்த படங்களை அம்மா காட்டினாள். களத்தில் கொட்டை காய்வதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வரிவரியாக, ஒரே கனத்துக்குப் பரப்பியிருக்கிறாய். ஆனால் டீ டம்ளர் உன் இடது கையில் இருக்கிறது. வலது கை சால்வைக்குள். எல்லாப் படத்திலும் சால்வைக்குள்தான். அவனைக் கேட்டேன். "தெரியலை மாமா" என்று அம்மா பக்கம் திரும்பிக்கொண்டான். சரி, நீயாகச் சொல்கிற வரை நான் கேட்கப் போவதில்லை. எஞ்சினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஷெட்டில் கிடந்த அந்த மண்ணெண்ணெய் எஞ்சின், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற அது, நல்ல எஞ்சின்தான். ஆனால் புது மெஷின்களில் வருவது போலக் கயிறு தானாக உள்ளே சுருண்டுகொள்ளும் வகை இல்லை. ஒவ்வொரு தடவையும் நீதான் புல்லியில் கயிறு சுற்றி இழுக்க வேண்டும். அது ரிட்டர்ன் அடித்தால், அதாவது எதிர்ப்பக்கம் திரும்பி உதைத்தால், கயிறு பின்னால் போகும், விடத் தெரியாத கை கயிற்றோடு போகும். பெரியப்பாவின் கட்டைவிரலை நினைத்துக்கொள்.

ஏன் ரிட்டர்ன் அடிக்கிறது? பிஸ்டன் உச்சிக்குப் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிளக்கில் ஸ்பார்க் விழுந்துவிடும். பெட்ரோல் பற்றி எரிந்து முழு பலம் எடுக்கச் சற்று நேரம் வேண்டும் என்பதால் எஞ்சினை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வேகமாகச் சுற்றும்போது அந்த நேரத்துக்குள் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும், வெடி அதைச் சரியான பக்கம் தள்ளும். நீ தயங்கித் தயங்கி இழுத்தால், அது உச்சியைத் தாண்டும் முன்பே வெடி முற்றிவிடும். அப்புறம் வந்த வழியே திருப்பித்தான் தள்ளும். அரைமனதாக இழுக்கிற கையைத்தான் எஞ்சின் உதைக்கும் பாப்பா. களைத்துப்போன கையையும் அப்படித்தான். மேலே பழம் பறித்துவிட்டு, மூட்டையைச் சரிபார்த்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் வந்து இழுக்கிறாயே, அந்த நேரத்தில் கையில் என்ன தெம்பு மிச்சம் இருக்கும்? அன்றைக்குப் பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை உரிக்க வேண்டும், விட்டால் புளித்துவிடும், அது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் சொல்கிறேன், மதியமே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து சூடு பண்ணி வை. சூடான எஞ்சின் சாயங்காலம் அடம்பிடிக்காது.

முதலில் பெல்ட்டை லூஸ் புல்லிக்கு, அதான் சும்மா சுற்றுகிற புல்லிக்கு, தள்ளிவிடு. பல்ப்பரையும் சேர்த்து இழுத்தால் வேகம் எழும்பாது. ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்று. ஓரிடத்தில் முட்டிக்கொண்டு கனமாக நிற்கும். அந்தக் கனத்தைத் தாண்டி ஒரு பொடி தூரம் தள்ளி நிறுத்து. இப்போது அடுத்த கனம் வருவதற்கு முன்னால் ஃபிளைவீலுக்கு ஓடி வேகம் எடுக்க இடம் கிடைக்கிறது. பிறகு கயிறு. முடிச்சு புல்லியின் வெட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், இறுகக் கட்டவே கூடாது. எஞ்சின் பிடித்துக்கொண்டதும் கயிறு தானாகக் கழன்று உன் கையோடு வந்துவிட வேண்டும். முடிச்சு மாட்டிக்கொண்டால் கயிறு சாட்டை போலச் சுழன்று முகத்தில் அடிக்கும்.

கயிற்று நுனியில் இருக்கிற மரக்கட்டையை நாலு விரலால் கொக்கி மாதிரி பிடி. கட்டைவிரல் எதிர்ப்பக்கம் வளையக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். அப்படிப் பிடித்தால் உதைக்கும்போது கட்டை தானாக உருவிக்கொண்டு போகும். கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வது, மணிக்கட்டில் கண்ணி போட்டுக்கொள்வது, இதெல்லாம் எந்த அவசரத்திலும் வேண்டாம். கயிறு வழுக்குகிறது என்றால் கயிற்றை மாற்று, கையில் சுற்றாதே. சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டு. முழங்கை பின்னால் போக இடம் இருக்கிறதா என்று பார். காலை அகட்டி ஊன்றி, ஸ்விட்சை ஆன் செய்து, ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தக் கூடாது, யோசிக்கக் கூடாது. மனசு தயங்குகிறதென்றால் அன்றைக்கு இழுக்கவே வேண்டாம்.

ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு இழுக்காதே. காலைக் குளிரில் சோக் வேண்டும், சூடாக இருந்தால் வேண்டாம். நிறைய இழுத்தும் பிடிக்கவில்லை, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் உள்ளே மூழ்கிவிட்டது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றித் துடை, ஸ்விட்ச் ஆஃபில் சும்மா சுற்றிவிடு. பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும், விளக்கோ பீடியோ பக்கத்தில் இருக்கக் கூடாது. இன்னொன்று, வேலை முடிந்து நிறுத்தும் முன் மண்ணெண்ணெயை மூடிவிட்டுப் பெட்ரோலில் கொஞ்சம் ஓடவிடு. கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் பனியில் அது பற்றவே பற்றாது, நீ இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து போவாய். அதற்கப்புறம் வருவதுதான் உதை. அந்தக் கார்புரேட்டரை நான் கீழே செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் வைத்துச் சரிசெய்து கொடுத்தேன். மேலே 1500 மீட்டரில் காற்று லேசு, அதே அளவில் பெட்ரோல் கூடுதலாகிவிடும். பிளக் கறுப்பாகப் படிகிறதா என்று பார்த்துச் சொல்.

ஒழுங்காக இழுத்தும் ஒரு தடவை உதைத்துவிட்டது என்றால் கோபத்தில் மறுபடி இழுக்காதே, பிளக் கேப்பைப் பிடுங்கிவிட்டுத் தேடு. ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுகிற பாயிண்டின் இடைவெளி அகன்றிருந்தால் ஸ்பார்க் சீக்கிரம் விழும். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் கொண்டு வருகிறேன், சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஃபிளைவீல் நட்டு தளர்ந்து உள்ளே கீ வெட்டுப்பட்டிருந்தாலும் நேரம் மாறிப்போகும். கீ என்றால் நீ சின்ன வயதில் என் மேஜை டிராயரில் அடுக்கி விளையாடிய அந்தப் பிறைத்துண்டு. பட்டறைக்கு வருகிற வண்டிச் சத்தத்தைக் கேட்டே எது மிஸ் அடிக்கிறது என்று சொன்னவள் நீ. வேலைக்கு இருந்த பசங்களுக்கே அந்தக் காது கிடையாது. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு. அவ்வளவு தெரிந்தவள் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே என்ற வருத்தமும் உண்டு.

புல் வெட்டும் மெஷின் வேறு. அதைத் தரையில் படுக்க வைத்து, பிளேடு எதிலும் படாமல், ஒரு கையால் அழுத்திக்கொண்டு இழு. பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது கூட இன்னொரு ஆள் இருக்க வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை. பழம் பறிக்க வருகிற அக்கா யாராவது ஒருத்தர் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போகட்டும், அதற்குத் தனியாகக் காசு கொடு. குளிருக்காக ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறாயா? எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தலை கிறுகிறுக்கும்போதே கால் எழும்பாமல் போய்விடும். கதவு இரண்டும் திறந்தே இருக்கட்டும். தனியாக இருக்கிற இடத்தில் யார் வந்து எழுப்புவார்கள்? மாப்பிள்ளை வருகிற வாரம் வருவார், அடுத்த வாரம் வருவார் என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாய். அவர் வரட்டும், வராமல் போகட்டும், அது உங்கள் விஷயம். ஆனால் ஷெட்டில் இரண்டாவதாக ஓர் ஆள் இருக்க வேண்டும்.

கையைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்று எழுதினேன். முடியவில்லை கண்ணு. வலது கட்டைவிரலை நன்றாக நீட்டினால் மணிக்கட்டுப் பக்கம் இரண்டு நரம்புக்கு நடுவில் ஒரு குழி விழும். அதில் இடது கை விரலால் அழுத்திப் பார். சுருக்கென்று வலித்தால் அது சுளுக்கு இல்லாமல் இருக்கலாம். அங்கே ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, விரிசல் விட்டால் லேசில் கூடாது. முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதனால் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டுப் பத்து நாள், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். மஞ்சள் பற்றுப் போட்டு, துணி சுற்றி, பழம் எடுப்பு முடியட்டும் என்று தள்ளிப் போடுகிற காயம் இல்லை அது. கார்களுக்கு முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிய காலத்தில் டிரைவர்களுக்கு இதே உதையில்தான் மணிக்கட்டு முறிந்தது. 1912இல் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடு வந்த பிறகுதான் அவர்கள் கை மெல்ல மெல்லத் தப்பியது. உனக்கு அந்தக் கைதான் கவாத்துக்கும், களத்துக்கும், எல்லாவற்றுக்கும்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் மேலே வருகிறேன். வேண்டாம் என்று போன் செய்யாதே. அன்றைக்குப் பறிக்கிற பழத்தை நான் பல்ப்பரில் போட்டுக்கொள்கிறேன், நீ கீழே இறங்கி வா. அம்மா உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுப்பாள். அவளிடமும் சொல்லியாகிவிட்டது, அழவில்லை, தைரியமாகத்தான் இருக்கிறாள். ராத்திரி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் மெதுவாக ஏறினால் போதும். அதுவரை எஞ்சின் பக்கம் போகாதே. வியாழக்கிழமை பழம் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்றால் பக்கத்து எஸ்டேட்டில் கேட்டு அங்கே போட்டு வாங்கு, கூலி நான் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: புதுக் கயிறும், பிளக் இரண்டும், ஃபீலர் கேஜும் என் பையில் வருகின்றன. கயிற்று நீளத்துக்குப் புல்லியின் குறுக்களவு வேண்டும், வியாழக்கிழமைக்குள் அளந்து சொல். இடது கையால் அளந்தால் போதும்.