அருகிலுள்ள மருத்துவமனை எது?

மாநிலத்தின் மனநலச் சேவைகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் காவிரி டெல்டாவில் ஒரு சிற்றூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பிக்குப் பதினொரு வருடமாக மனச்சிதைவு நோய். அந்த நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் எப்படி நடக்கிறது, தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், மாத்திரை எங்கிருந்து வந்து எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் என் தம்பி 41 நாள் உள்நோயாளியாக இருந்தான். வேறு எந்த மாத்திரைக்கும் நோய் கட்டுப்படாததால் அவனுக்கு க்ளோசபின் ஆரம்பித்தார்கள். அந்த வார்டில் இருந்த டாக்டர்களையும் நர்ஸ்களையும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 12.5 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தம் பார்த்து, பிரஷர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக 300 வரைக்கும் கொண்டுவந்தார்கள். தன் காதுக்குள் கேட்கும் குரல்களை அவன் ‘ரேடியோ’ என்பான். முப்பதாவது நாளில் என்னிடம், “அக்கா, ரேடியோ தூரத்துல போயிடுச்சு” என்றான். பதினொரு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் செய்தார்கள். 15 நாள் மாத்திரை, இரண்டு பக்கச் சுருக்க அறிக்கை. முழுக்க ஆங்கிலம். ஊருக்கு வந்ததும் மெடிக்கல் ஷாப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நோயின் பெயர், கொடுத்த மருந்து, ரத்தப் பரிசோதனை முடிவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், கடைசி வரியைத் தமிழில் சொன்னான்: “சிகிச்சையை அருகிலுள்ள மருத்துவமனையில் தொடரவும்.”

இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். அருகிலுள்ள மருத்துவமனை எது? அங்கே யார்? என் தம்பி வருகிறான் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா?

யாரும் சொல்லவில்லை. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலக் குழு மாதம் ஒரு புதன்கிழமை வரும். அந்தப் புதன்கிழமை நாங்கள் காலை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தோம். பதினொன்றரைக்கு, டாக்டருக்கு வேறு இடத்தில் டியூட்டி போட்டுவிட்டார்கள், அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த அம்மா சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, “இது எங்களுக்கு சப்ளை இல்லம்மா, எங்க எழுதினாங்களோ அங்கயே வாங்கிக்குங்க” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவரிடம் அந்த மாத்திரை இல்லை, அவ்வளவுதான்.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். வார்டில் சொல்லி அனுப்பியதை நான் மறக்கவில்லை. தாலுகா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தார்கள், ரிப்போர்ட்டும் தந்தார்கள். அதை யாரிடம் காட்டுவது? வெளிநோயாளிப் பிரிவில் இருந்த டாக்டர், இது மனநல டாக்டர் பார்க்க வேண்டியது என்றார். நகரத்து வார்டுக்குப் போன் செய்தால், நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஓ.பி.க்கு வாருங்கள் என்றார்கள். போக ஐந்து மணி நேரம், இரண்டு பஸ். வீட்டில் சர்க்கரை நோயோடு அம்மா. கடையைப் பூட்டினால் அன்றைய வருமானம் போச்சு. அந்த ரிப்போர்ட்டை மஞ்சள் பையில் மடித்து வைத்தேன். அடுத்த வாரம் வந்ததையும் அதன் மேலேயே வைத்தேன். ஒரு டாக்டர்கூட அவற்றைப் பார்க்கவில்லை.

மாத்திரை தீரப் போகிறது என்று தெரிந்ததும் கடைசி நான்கு நாள் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். நூல் வெட்டும் கத்தரியால் வெட்டினால் தூளாகிவிடுகிறது, கையால் உடைத்தால் ஒரு பக்கம் பெரிதாகிறது. பெரிய பாதியை ராத்திரிக்கு வைப்பேன். செய்வது சரியா தப்பா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. அப்புறம் அந்தப் பாதியும் தீர்ந்துபோனது.

எங்கள் ஊர்க் கடைகளில் அந்த மாத்திரை கிடையாது. ஒரு கடைக்காரர் ஆர்டர் போட்டு வரவழைத்தார். அது வந்து சேர்ந்தபோது தம்பி மாத்திரை இல்லாமல் ஆறு நாள் ஆகியிருந்தது. மறுபடி பேச ஆரம்பித்திருந்தான், சுவரோடு. நான் பழையபடி 300 கொடுக்கத்தான் போனேன். தற்செயலாக அன்று அம்மாவின் சர்க்கரைக்காக ஆஸ்பத்திரி போயிருந்தேன். அங்கே பணியில் இருந்த ஓர் இளம் டாக்டரிடம் இதையும் சொன்னேன். அவர் தன் சொந்தப் போனில், தன்னோடு படித்த ஒரு மனநல டாக்டரை அழைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு முகம் மாறி, “கொடுத்துடாதீங்க. 48 மணி நேரத்துக்கு மேல விட்டுட்டா பழைய டோஸ் கொடுக்கக் கூடாது, முதல்ல இருந்து 12.5ல ஆரம்பிக்கணும். இல்லன்னா பிரஷர் இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து” என்றார்.

அந்த டாக்டர் அன்று லீவு போட்டிருந்தால் என் தம்பிக்கு நானே என் கையால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. 41 நாள் ஒரு வார்டே சேர்ந்து கட்டியெழுப்பியதை, ஒரு மாத்திரை கிடைக்காத ஆறு நாள் இடித்துவிட்டது. இதை எனக்குச் சொல்ல வேண்டியது யார்? வார்டா, தாலுகா ஆஸ்பத்திரியா, மாவட்டக் குழுவா? ஆளுக்கொரு வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இடையில் இருக்கும் இடம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. என் தம்பி விழுந்தது அங்கேதான்.

இரண்டு நாள் கழித்து ராத்திரியில் அவன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள், அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் ஒருவர் பார்த்து, உட்கார வைத்து, டீயும் பன்னும் கொடுத்து போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார். செருப்பு இல்லை. வெயிலில் தார் ரோட்டில் நடந்து இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “அக்கா, ரேடியோவை நிறுத்தச் சொல்லு” என்று அழுதான்.

இப்போது மறுபடி அதே வார்டில் இருக்கிறான். மறுபடி 12.5இலிருந்து.

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. வார்டை விட்டு ஒரு நோயாளியை அனுப்பும் முன்னால், அடுத்து அவரைப் பார்க்கப் போவது யார் என்று ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் எழுதிக் கொடுங்கள். அந்தப் பெயருக்கு உரியவரிடம் முதலிலேயே பேசிவிட்டு அனுப்புங்கள்.

இது நான் புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் அம்மா எனக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து விளக்கினார். 2017இல் இயற்றி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். அதன் 98ஆவது பிரிவு இதையேதான் சொல்கிறது. ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போதும் சரி, வேறொரு மனநல மருத்துவர் பொறுப்பேற்கும்போதும் சரி, இதுவரை பார்த்த மருத்துவர் அந்த நோயாளியோடும், குடும்பத்தாரோடும், இனிமேல் பார்க்கப்போகும் மருத்துவரோடும் கலந்து பேச வேண்டும், சிகிச்சை எப்படித் தொடரும் என்று ஒரு திட்டம் தயாராக வேண்டும் என்கிறது. 18ஆவது பிரிவில், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் வட்டார அளவிலான சமுதாய சுகாதார நிலையம் முதல் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ‘எப்போதும்’ என்ற சொல்லை அந்த அம்மா பேனாவால் கோடிட்டுக் காட்டினார். ‘அருகிலுள்ள மருத்துவமனையில் தொடரவும்’ என்ற ஒரு வரியை நீங்கள் திட்டம் என்று ஏற்றுக்கொள்வீர்களா?

செய்ய முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டார். நடுவில் அவர் நிறுத்தியபோது சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து கேட்டார். என் அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகின்றன. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து அம்மா ஒரு நாளும் மாத்திரை இல்லாமல் இருந்ததில்லை. மாத்திரை கொண்டுவரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். அவருக்கு அம்மாவின் டோஸ் மனப்பாடம். அதே வீட்டில், அதே திண்ணையில்தான் என் தம்பியும் உட்கார்ந்திருப்பான். அவனை விசாரிக்க யாரும் வந்ததில்லை. ஒரே வீட்டில் ஒருத்தருக்கு வழி இருக்கிறது, இன்னொருத்தருக்கு இல்லை என்றால் அம்மாவிடம் நான் என்ன சொல்வது?

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வேலையும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தை நாடு முழுவதும் முதன்முதலாகத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த நான்கு மாவட்டங்களில் திருச்சி ஒன்று. கர்நாடகத்தின் பெல்லாரியில் செய்து பார்த்த முறையை வைத்து 1996இல் அந்தத் திட்டம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஜனங்கள் அலையக் கூடாது, சிகிச்சை அவர்கள் ஊர்ப்பக்கமே கிடைக்க வேண்டும் என்பதுதானே அதன் அடிப்படை? நாங்கள் இன்னும் அலைந்துகொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்துபோனார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையை, கூடப் பிறந்தவனைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிவிட்டு வந்தார்களே என்று எங்கள் தெருவில் எல்லோரும் அந்தக் குடும்பங்களைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். தம்பி காணாமல் போன அந்த மூன்று நாளில், அவன் கிடைத்தால் அறையில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டும் சங்கிலியும் கல்நெஞ்சத்தால் மட்டும் வருவதில்லை. மாத்திரை தீர்ந்து, டாக்டர் வராமல், கேட்க ஆள் இல்லாமல் போகும்போது, நல்ல குடும்பத்துக்குள்ளும் அந்த எண்ணம் வந்துவிடுகிறது.

வெளியிலும் நிம்மதி இல்லை. கீழ்ப்பாக்கம் என்று ஓர் ஊரின் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். 1794இல் ஆரம்பித்த மருத்துவமனை அது, எத்தனையோ பேரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய இடம், அதன் பெயர் ஊரெல்லாம் வசவாகிக் கிடக்கிறது. தம்பியைப் பஸ்ஸில் கூட்டிப்போகும்போது பக்கத்தில் உட்கார மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை அக்டோபர் 10ஆம் தேதி விழிப்புணர்வு ஊர்வலம் நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான். ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் தைரியமாகத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தால், அங்கே அன்றைக்கு டாக்டரும் மாத்திரையும் இருக்க வேண்டாமா?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். இத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டிய துறையில் ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்பதும், ஒரு டாக்டரை மூன்று இடத்துக்கு அனுப்பும் நிர்ப்பந்தம் உங்களுக்கு இருப்பதும் எனக்குப் புரிகிறது. அந்தப் புதன்கிழமை வராத டாக்டர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் வரமாட்டார் என்று முதல் நாளே ஒரு போன் வந்திருந்தால், கையில் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே நான் நகரத்துக்குப் பஸ் ஏறியிருப்பேன். அந்த ஒரு போனைச் செய்ய வேண்டியவர் யார் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் கோபம்.

அதனால் மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அனுப்பும் முன் ஒரு பெயர், ஒரு போன் நம்பர். அந்த மருந்து அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். இல்லையென்றால், அது வந்து சேரும் வரைக்கும் போதுமான மாத்திரை கொடுங்கள். ரத்த ரிப்போர்ட்டை யாரிடம் காட்டுவது, ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்வது, இரண்டு நாள் விட்டுப்போனால் என்ன செய்யவே கூடாது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்கு அவர் வராமல் போனால், ஏன் வரவில்லை என்று கேட்பதை ஒருவருடைய வேலையாக வையுங்கள்.

என் தம்பியின் கால் ஆறிவருகிறது. டோஸ் இப்போது 150. இன்னும் மூன்று, நான்கு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, தீபாவளிக்குத் தனக்கு ஒரு சட்டை தைத்து வைக்கச் சொன்னான். அளவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவனை அனுப்பும் நாளில் அந்தக் கடைசி வரியில், ‘அருகிலுள்ள மருத்துவமனை’ என்ற இடத்தில், ஓர் ஆளின் பெயர் இருக்கும்படி தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா